முன்வரிசைப் பிள்ளைகள்: லண்டன் முதல் பெர்லின் வரை ஒரு நாடகப் பயணம்

நாள் 1: லண்டன்

பெட்டிகளை அறையில் போட்ட கையோடு கிளம்பிவிட்டோம், நானும் எங்கள் நாடகக் குழுவில் தாளம் வாசிக்கும் தம்பியும். பதினோரு வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் போட்டு வருகிறோம். சில நாள் முதல் நிமிடத்திலேயே பிள்ளைகள் எங்களோடு வந்துவிடுவார்கள். சில நாள் கடைசிவரை வரவே மாட்டார்கள். உடம்பு அங்கேதான் உட்கார்ந்திருக்கும். மனசு எங்கேயோ இருக்கும். மேடையில் நிற்கிறவருக்கு அது அப்பட்டமாகத் தெரியும். ஏன் அப்படி என்ற கேள்வியோடு மண்டையைக் குடைந்துகொண்டவர்கள் வேலை செய்த இடங்களை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ஏழு நாள் கிடைத்திருக்கிறது.

முதலில் போனது செயின்ட் மார்ட்டின்ஸ் லேனில் இருக்கும் டியூக் ஆஃப் யார்க்ஸ் தியேட்டருக்கு. உள்ளே போக டிக்கெட் இல்லை. எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று முகப்பைப் பார்த்தோம், அவ்வளவுதான். 1904 டிசம்பர் 27 அன்று ஜே. எம். பாரியின் ‘பீட்டர் பேன்’ முதன்முதலாக மேடையேறியது இங்கேதான். அதில் ஒரு கட்டம் வரும். டிங்கர் பெல் என்ற குட்டித் தேவதை விஷத்தைக் குடித்துவிட்டுச் சாகக் கிடக்கிறாள். மேடையில் அவள் வெறும் ஒளிப்பொட்டு. அந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக மங்குகிறது. பீட்டர் பார்வையாளர்கள் பக்கம் திரும்பி, தேவதைகள் உண்டு என்று நம்புகிறவர்கள் கைதட்டுங்கள் என்று கெஞ்சுகிறான். தட்டினால் பிழைப்பாள்.

பாரிக்கு உள்ளூரக் கலக்கம். முதல் நாள் கூட்டத்தில் பெரியவர்களே அதிகம். யாரும் தட்டாவிட்டால்? அதனால் வாத்தியக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாராம்: சத்தம் வராவிட்டால் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு நீங்கள் தட்டிவிடுங்கள் என்று. அதற்குத் தேவையே வரவில்லை. அரங்கமே தட்டியது. பீட்டராக நடித்த நீனா பூசிகோ மேடையிலேயே அழுதுவிட்டார் என்று சொல்வார்கள்.

பாரியின் அந்தக் கலக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். பல வருடங்களுக்கு முன் ஒரு பள்ளியில் எங்கள் நாடகம். நானூறு பிள்ளைகள். திரை விலகுவதற்கு முன் ஒரு ஆசிரியர் மேடையேறி, “யாராவது சத்தம் போட்டால் பெயரை எழுதிக்கொள்வேன்” என்று அறிவித்துவிட்டுப் போனார். நாடகம் தொடங்கியது. பத்தாவது நிமிடத்தில் நான் பிள்ளைகளைப் பார்த்து, “அவன் எந்தப் பக்கம் ஓடினான்?” என்று கேட்க வேண்டும். கேட்டேன். நானூறு பேரும் கைகட்டி, வாய்பொத்தி என்னைப் பார்த்தார்கள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பெயர் போய்விடும். எங்களிடம் வாத்தியக் கோஷ்டியும் இல்லை. தம்பி ஒருவன்தான், பக்கத்தில் நின்று, “இந்தப் பக்கம்!” என்று கத்தினான். இன்றைக்கும் அந்தக் கண்களை என்னால் மறக்க முடியவில்லை. பதில் தெரிந்த கண்கள் அவை.

“அக்கா, இது கேட்டு வாங்குகிற கைதட்டுதானே? தந்திரம்தானே?” என்று நடைபாதையில் தம்பி கேட்டான். நான் அப்படி நினைக்கவில்லை. திரையில் ஓடுகிற படத்தில் நாம் தட்டினாலும் தட்டாவிட்டாலும் தேவதை பிழைத்துவிடுவாள். எப்போதோ எடுத்து முடித்தாயிற்று. இங்கே மேடையில் இருப்பவர் நிஜமாகவே காத்துக்கொண்டிருக்கிறார். நாம் தட்டாமல் அடுத்த வசனம் வராது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். அன்றாட வாழ்க்கையில் அதன் பேச்சுக்காக எந்தப் பெரியவர் காத்திருக்கிறார்?

நாள் 2: டூலி ஸ்ட்ரீட்

காலை பத்தரை மணிக் காட்சி. லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷனில் இறங்கி டூலி ஸ்ட்ரீட்டில் நடந்தால், வழியெல்லாம் மஞ்சள் பளபளப்புச் சட்டை மாட்டிய குட்டிகள், இரண்டு இரண்டு பேராகக் கைகோத்துக்கொண்டு. எல்லோரும் யூனிகார்ன் தியேட்டருக்குத்தான்.

காரில் ஜென்னர் என்ற பெண்மணி 1947இல் தொடங்கிய சுற்றுப்பயணக் குழுதான் இதன் வேர். சொந்தக் கட்டடம் கிடைக்க 2005 வரை ஆனது. கட்டடக் கலைஞர் கீத் வில்லியம்ஸ். எனக்குப் பிடித்த செய்தி, வடிவமைப்பு நடந்தபோது பக்கத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை ஆலோசகர்களாக வைத்துக்கொண்டார்கள் என்பது. பிள்ளைகளுக்கான இடம் என்றதும் நமக்கு யானைப் படமும் வானவில் வண்ணமும்தான் தோன்றும். இங்கே அப்படி எதுவும் கண்ணில் படவில்லை. பெரியவர்களின் அரங்கு எவ்வளவு மரியாதையாக இருக்குமோ அவ்வளவு மரியாதை. அதோடு, முன்னால் இருப்பவரின் தலை மறைக்காமல் சின்னப் பிள்ளைக்கும் மேடை தெரிகிறது. பெரியவர்களுக்குக் கட்டிய அரங்கில் பிள்ளைகள் நாற்காலி நுனியில் மண்டியிட்டுப் பார்ப்பதையே பார்த்துப் பழகிய எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை. தெரியாததைப் பார்த்து யாரும் லயிக்க முடியாது.

நாங்கள் பார்த்தது நாலு முதல் ஏழு வயதுக்கானது. ஐம்பது நிமிடத்துக்குள் முடிந்தது. இந்த வயதுக் கணக்கில் இங்கே யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. நாலு வயதுக்கு ஒன்று, எட்டு வயதுக்கு ஒன்று, பதின்மூன்றுக்கு வேறொன்று. ‘ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை எல்லோருக்கும் ஒரே நாடகம்’ என்று நாங்களே எத்தனை பள்ளியில் ஒப்புக்கொண்டிருக்கிறோம். வருத்தமாக இருந்தது. நாலு வயதுக்குக் கையிலிருந்த பொருள் காணாமல் போவதே பெரிய துக்கம். பத்து வயதுக்கு நண்பன் பேசாமல் இருப்பது. பதினைந்துக்கு இரண்டுமே போதாது.

எனக்கு முன்வரிசையில் ஒரு பையன். ஐந்து வயது இருக்கலாம். அவன் ஷூவில் வெல்க்ரோ பட்டை. பர்ர்ர் என்று பிரிப்பான், ஒட்டுவான், மறுபடி பர்ர்ர். மேடையில் இரண்டு நடிகர்கள் ஒருவரையொருவர் அறிமுகப்படுத்திக்கொண்டு பேசினார்கள். நல்ல வசனம்தான். பர்ர்ர். பாட்டு வந்தது. பர்ர்ர். அப்புறம் அந்த நடிகை பேச்சை நிறுத்திவிட்டு எதையோ தேட ஆரம்பித்தார். பெட்டிக்கு அடியில், நாற்காலிக்குப் பின்னால், மேஜை மேல். அவ்வளவுதான், தேடல் மட்டும், வசனமே இல்லை. பையன் கை பட்டையை பாதி பிரித்தபடியே நின்றுவிட்டது. கடைசிவரை அதை அவன் ஒட்டவே இல்லை.

அவர் தேடுவது அவர் கோட்டுப் பையிலேயே இருக்கிறது. நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. பின்வரிசையில் ஒரு குரல், “உங்க பைக்குள்ளே!” என்று கத்தியது. நடிகை பதில் சொல்லவில்லை. ஆனால் அவர் கை, தனக்கே தெரியாதது போல, மெதுவாகப் பையை நோக்கிப் போனது. விளிம்பைத் தொட்டது. அப்புறம் மூக்கைச் சொறிய மேலே போய்விட்டது. அரங்கமே வெடித்தது. நூறு பிள்ளைகள் எழுந்து நின்று கத்துகிறார்கள். ஒரு டீச்சர் பதறிப்போய் உதட்டில் விரலை வைக்க, கதவருகே நின்ற ஊழியர் பரவாயில்லை, விடுங்கள் என்று கையைக் காட்டினார். நடிகை சத்தம் அடங்கக் காத்திருந்தார். அவசரமே இல்லை. பிள்ளைகளே அடங்கினார்கள், ஏனென்றால் அடுத்து என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

அந்தக் கையை நான் வீட்டுக்கு எடுத்துப்போகிறேன். ‘நீ சொன்னது எனக்குக் கேட்டது’ என்று வாயால் சொல்லாமல் கையால் சொன்னார் அவர். பிள்ளைகளை ஆட்டத்தில் சேர்ப்பது என்றால் மேடைக்குக் கூப்பிட்டு ஆடவைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அதில் பத்துப் பேர் மகிழ்வார்கள், கூச்ச சுபாவமுள்ள ஒரு பிள்ளை இரண்டு நாள் அழும். இந்தக் கை நூறு பேரையும் அவரவர் இடத்தில் வைத்தே சேர்த்துக்கொண்டது.

இங்கிலாந்தில் பல அரங்குகள் இன்னொன்றும் செய்கின்றன. ‘ரிலாக்ஸ்டு’ காட்சி என்று தனியாக ஒன்று வைப்பார்கள். விளக்கை முழுவதும் அணைக்க மாட்டார்கள். திடுக்கிடும் சத்தங்களைக் குறைத்துவிடுவார்கள். எழுந்து நடக்கலாம், வெளியே போய் வரலாம், சத்தம் போடலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காகவும், இருட்டும் இரைச்சலும் தாங்காத பிள்ளைகளுக்காகவும் வந்த ஏற்பாடு. ‘உங்கள் பிள்ளையால் மற்றவர்களுக்குத் தொந்தரவு’ என்று ஒரு தாயிடம் சொல்லி வெளியே அனுப்பிய காட்சியை நான் ஓர் அரங்கில் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா திரும்ப எந்த நாடகத்துக்கும் வந்திருக்க மாட்டார்.

நாள் 3: குளோப், மழையில்

காலையிலிருந்து தூறல். தேம்ஸ் கரையில் ஷேக்ஸ்பியர்ஸ் குளோப். 1599இல் எழுந்த பழைய அரங்கு 1613இல் நாடகத்துக்கு வெடித்த பீரங்கியிலிருந்து தீப்பிடித்து எரிந்துபோனது. அமெரிக்க நடிகர் சாம் வனமேக்கர் அதை மறுபடி எழுப்பப் பல ஆண்டு போராடினார். 1997இல் திறந்தபோது பார்க்க அவர் உயிரோடு இல்லை.

நடுவில் கூரையில்லாத முற்றம். 700 பேர் நிற்கலாம். உட்கார அனுமதி இல்லை, குடை விரிக்கவும் அனுமதி இல்லை. பள்ளி மாணவர்களுக்கென்றே ஒரு ஷேக்ஸ்பியர் நாடகத்தைச் சுருக்கித் தயாரித்து, இலவச டிக்கெட்டில் காட்டும் திட்டத்தை 2007இல் தொடங்கினார்கள். இன்று பார்த்தது அப்படியொரு காட்சி. முற்றம் முழுக்கப் பதின்மூன்று, பதினாலு வயதுப் பிள்ளைகள். மழைக்கோட்டுத் தொப்பியை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, ‘எங்களை எதற்கு இங்கே கொண்டுவந்தீர்கள்’ என்ற முகத்தோடு நின்றார்கள். இந்த முகத்தை நான் எந்த ஊரிலும் அடையாளம் கண்டுகொள்வேன்.

உள்ளதைச் சொல்கிறேன், விடலைப் பருவத்தார்தான் எங்களுக்குப் பயம். சின்னப் பிள்ளைகள் பிடிக்காவிட்டால் அழுவார்கள், ஓடுவார்கள், தெரிந்துவிடும். இவர்கள் ஓடமாட்டார்கள். நண்பன் சிரித்தால் சிரிப்பார்கள், நண்பன் கொட்டாவி விட்டால் கொட்டாவி. ரசிக்கிறோம் என்று பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதே அவர்களுடைய பெரிய கவலை. இருட்டான அரங்கில் அந்தக் கவலை போகும் என்று நினைத்திருந்தேன். இருட்டில் செல்போன் வெளிச்சம்தான் முளைக்கிறது.

இங்கே இருட்டே இல்லை. பட்டப்பகல். நடிகருக்கு ஒவ்வொரு முகமும் தெரிகிறது, அவர்களுக்கும் அது தெரிகிறது. மேடை அவர்கள் நெஞ்சு உயரம். முன்னால் நின்ற நாலு பையன்கள் முழங்கையை மேடை மேலேயே ஊன்றிக்கொண்டார்கள். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. ஒரு நடிகர் வசனம் பேசிக்கொண்டே வந்து, அந்த முழங்கைகளைத் தாண்டிக் கால் வைத்து, அந்த நாலு பேரிடமே தன் சந்தேகத்தைக் கேட்டார். நானூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலம். அவர்களுக்கு அதில் பாதிகூடப் புரிந்திருக்காது. ஆனால் கேள்வி தன்னிடம் வந்திருக்கிறது என்று புரிந்தது. ஒருவன் தலையை மட்டும் ஆட்டினான், வேண்டாம் என்று. நடிகர் அந்தத் தலையாட்டலை எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார்.

இன்னொரு நடிகர் சண்டைக்குப் போகும் அவசரத்தில் தன் தொப்பியைக் கழற்றி, முதல் வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் கையில் திணித்துவிட்டு ஓடினார். அந்தப் பெண் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துச் சிரித்தாள், கீழே வைக்கப் பார்த்தாள், தரை ஈரம். சரி என்று கையிலேயே வைத்துக்கொண்டாள். தொப்பிக்காரர் சண்டையில் செத்துப்போனார். இனி வாங்க வரமாட்டார். அவள் அந்தத் தொப்பியை மழைக்கோட்டுக்குள் நனையாமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள், முடிகிறவரை. வணக்கம் சொல்ல நடிகர்கள் வந்தபோதுதான் எட்டிக் கொடுத்தாள். அதற்குள் அவள் முகம் மாறிப்போயிருந்தது.

ஒரு முத்தக் காட்சியில் முற்றமே ஊளையிட்டது. நடிகர்கள் பிரியாமல் அப்படியே நின்றார்கள். ஊளை அடங்கிக் கொஞ்சம் வெட்கமாகவே மாறியபின்தான் அடுத்த வசனம். தப்பான இடத்தில் வரும் சிரிப்பைக் கண்டு எங்கள் நடிகர்கள் சுருங்கிப்போவார்கள். வசனத்தை வேகமாகச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். இங்கே அந்தச் சிரிப்புக்கும் இடம் கொடுத்தார்கள். சிரித்து முடித்தவர்கள்தான் கடைசி மரணத்தில் அப்படி மௌனமானார்கள் என்று நினைக்கிறேன். மழை ஓலைக்கூரையில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

எல்லா நாடகத்தையும் பகலில், நின்றுகொண்டு பார்க்க முடியாது. ஆனால் நாளை எங்கள் நாடகத்துக்கு அரங்கை முழுக்க இருட்டாக்குவதற்கு முன் ஒருமுறை யோசிப்பேன். யாருக்காக இருட்டாக்குகிறோம்?

நாள் 4: கோவென்ட்ரி

இன்று மார்ச் 20, குழந்தைகள் மற்றும் இளையோருக்கான உலக நாடக தினம். அசிடெஜ் என்ற சர்வதேச அமைப்பு கொண்டாடும் நாள் இது. அந்த அமைப்பு 1965இல் பாரிசில் தொடங்கியது. அதே 1965இல்தான் கோவென்ட்ரியில் வேறொன்றும் தொடங்கியது. அதைத் தேடித்தான் யூஸ்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். ஒரு மணி நேரப் பயணம்.

1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் இந்த ஊரை நொறுக்கின. கூரை போன பழைய தேவாலயத்தின் சுவர்களை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். அந்த அழிவிலிருந்து ஊரை மறுபடி கட்டியபோது ஒரு நாடக அரங்கும் கட்டினார்கள், 1958இல். யூகோஸ்லாவியாவின் பெல்கிரேட் நகரம் மரம் அன்பளிப்பாகக் கொடுத்தது, அதனால் பெல்கிரேட் தியேட்டர் என்றே பெயர். வீடுகளே போதாத காலத்தில் நாடக அரங்குக்கு இடம் ஒதுக்கினார்கள் என்பதை நினைத்துக்கொண்டே அந்தச் சதுக்கத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இங்கே பிறந்ததுதான் கல்வியில் நாடகம் என்ற முறை. பெயரைக் கேட்டால் பாடத்தை நாடகமாக்குவது போலத் தோன்றும். அப்படியில்லை. நாலைந்து பேர் கொண்ட குழு பள்ளிக்குப் போகும். அவர்கள் நடிகர்கள், ஆசிரியர்களும்கூட. பள்ளி முழுவதற்கும் காட்டுவதில்லை. ஒரு வகுப்பு, முப்பது பிள்ளைகள். அரை நாள், சில சமயம் முழு நாள். பிள்ளைகளுக்கும் பாத்திரம் உண்டு. ஒரு ஆலையை மூடப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள்தான் தொழிலாளர் குடும்பங்கள். முதலாளி உள்ளே வருவார். அவரை அவர்கள் கேள்வி கேட்கலாம். வேலைநிறுத்தமா, சமாதானமா என்று அவர்களே முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவின் விளைவோடுதான் அடுத்த காட்சி. பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால், பார்க்க வந்த பெரியவர்களையே நடிக்க வைத்துச் செய்த அரங்கத்துக்கும் இதற்கும் ரத்த உறவு உண்டு என்று எனக்குத் தோன்றும்.

இந்த முறை பிரிட்டன் முழுக்கப் பரவியது. அப்புறம் 1988 கல்விச் சட்டத்துக்குப் பின் பணம் நேராகப் பள்ளிகளின் கைக்குப் போனது. பள்ளி ஒவ்வொன்றும் தன் பட்ஜெட்டைப் பார்க்க ஆரம்பித்ததும், முப்பது பிள்ளைகளுக்கு ஐந்து நடிகர்கள் என்பது கட்டுபடியாகவில்லை. பல குழுக்கள் மூடப்பட்டன. ஆயிரம் பிள்ளைகளுக்கு ஒரே காட்சி என்றால் செலவு குறைவு. அந்தக் கணக்கின் பக்கம்தான் எப்போதும் காசு நிற்கும். நாங்களும் அந்தக் கணக்கோடுதான் தினம் மல்லுக்கட்டுகிறோம்.

ஒரே ஒருமுறை நாங்கள் இப்படிச் செய்து பார்த்தோம். ஏழாம் வகுப்பு, முப்பத்திரண்டு பேர். வகுப்பறைதான் மேடை. ஊரை மூழ்கடித்து ஓர் அணை வரப்போகிறது. பிள்ளைகள் அந்த ஊர்க்காரர்கள். நான் அதிகாரி. கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நஷ்டஈடு பற்றி அழகாகப் பேசினேன். பெரும்பாலோர் சரி என்று கை தூக்கத் தயாராகிவிட்டார்கள். அதுவரை வாயே திறக்காத ஒரு சிறுமி எழுந்து, “எங்க பாட்டியைப் புதைச்ச இடமும் தண்ணிக்குள்ளே போகுமா?” என்று கேட்டாள். என் கோப்பில் அதற்குப் பதில் இல்லை. அதிகாரியாக நிற்பதா, நானாக நிற்பதா என்று தெரியாமல் நின்றேன். வகுப்பு முழுக்க என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. “தெரியாது. கேட்டுச் சொல்கிறேன்” என்றேன். கைகள் கீழே இறங்கின. அந்த வகுப்பு ஊரைக் காலி செய்ய மறுத்துவிட்டது. நாங்கள் எழுதி வைத்திருந்த முடிவைத் தூக்கிப் போட்டுவிட்டு, அங்கேயே வேறொன்றைக் கட்டினோம். தம்பி அன்று வாசித்ததுபோல் அப்புறம் வாசித்ததில்லை.

நாள் 5: ரயிலில்

லண்டனிலிருந்து பிரஸ்ஸல்ஸ், அங்கிருந்து கொலோன், கொலோனிலிருந்து பெர்லின். நாள் முழுக்க ரயில். குறிப்பு எழுதினேன், தூங்கினேன். தம்பி ஜன்னல் விளிம்பில் தாளம் போட்டுக்கொண்டே வந்தான். எதிர் இருக்கையில் ஒரு குழந்தை அவனைப் பார்த்துத் தன் கரண்டியால் பதில் தாளம் போட்டது. கொலோன் வரும்வரை நடந்தது அந்தக் கச்சேரி. வேறு எழுத ஒன்றுமில்லை.

நாள் 6: ஹன்சாபிளாட்ஸ்

சுரங்க ரயில் ஒன்பதாம் தடத்தில் ஹன்சாபிளாட்ஸ் நிலையம். படியேறினால் அங்கேயே கிரிப்ஸ் தியேட்டர். பிரம்மாண்டமாக எதுவும் இல்லை. 1966இல் ஓர் அரசியல் நையாண்டி மேடையின் சிறுவர் பிரிவாகத் தொடங்கியது. 1972இல் கிரிப்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். மூளை, சமயோசிதம் என்று பேச்சு ஜெர்மனில் பொருள். 1974இல் இந்த இடத்துக்கு வந்தார்கள். இதை வளர்த்தெடுத்தவர் ஃபோல்கர் லுட்விக்.

அதுவரை சிறுவர் நாடகம் என்றால் அரசன், சூனியக்காரி, காட்டில் தொலைந்த பிள்ளைகள். இவர்கள் அதை விட்டுவிட்டுப் பிள்ளைகளின் நிஜ வாழ்க்கையை எடுத்தார்கள். மாடிவீட்டில் சத்தம் போடக் கூடாது என்று விரட்டும் பெரியவர், பிரிந்து வாழும் பெற்றோர், காசில்லாத வீடு, வேற்று நாட்டிலிருந்து வந்த வகுப்புத் தோழன், அடிக்கிற கை. அதையும் அழுகுணி நாடகமாக இல்லாமல் பாட்டும் கும்மாளமுமாக. 1986இல் வந்த ‘லீனியே 1’ என்ற இசை நாடகம், காதலனைத் தேடி ஊருக்குப் புதிதாக வந்த ஒரு பெண் சுரங்க ரயிலில் சந்திக்கும் மனிதர்களைப் பற்றியது. உலகம் சுற்றிய நாடகம். அதே எண்பதுகளில் நடிகர் மோகன் அகாஷே புனேயில் மராத்தி கிரிப்ஸ் நாடகங்களைத் தொடங்கினார். மண் மாறினாலும் பிள்ளைகளின் பிரச்சினை அப்படியொன்றும் மாறவில்லை போலும்.

எனக்கும் தம்பிக்கும் ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாது. மேடையைச் சுற்றி மூன்று பக்கமும் பிள்ளைகள். எதிர்ப்பக்கப் பிள்ளைகளின் முகங்கள் நமக்குத் தெரிகின்றன. அவர்களை வைத்தே கதையைப் படித்தேன். எங்கே மூச்சை இழுக்கிறார்கள், எங்கே பக்கத்துப் பிள்ளையை முழங்கையால் இடிக்கிறார்கள் என்று.

நடிகர்கள் எல்லோரும் பெரியவர்கள், முப்பது நாற்பது வயதுக்காரர்கள். நடிப்பதோ ஒன்பது வயதுப் பிள்ளைகளாக. நான் கண்ணை இமைக்காமல் பார்த்தது இதைத்தான். கீச்சுக்குரல் இல்லை. கட்டைவிரலைச் சூப்புவதோ துள்ளித் துள்ளி நடப்பதோ இல்லை. தன் சொந்தக் குரலில் பேசினார்கள். ஒருவர் சட்டைக் கையை விரல்வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். அப்பா திட்டும்போது அந்தச் சட்டைக் கை முறுக்கிக்கொண்டே போனது. எதிர்ப்பக்கத்தில் ஒரு சிறுமி தன் ஸ்வெட்டர் நுனியை அதேபோல முறுக்குவதைப் பார்த்தேன். அவளுக்கே தெரியாது அது.

எங்கள் குழுவில் சிறுவர் பாத்திரம் என்றால் உடனே குரலை மாற்றிவிடுவார்கள். நானும்தான். பிள்ளைகள் சிரிப்பார்கள், அதனால் சரிதான் என்று இருந்தோம். ஆனால் எந்தப் பிள்ளையும் அப்படிப் பேசுவதில்லையே. கிண்டல் செய்யப்பட்டதைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறார்கள். அதில் தன்னைப் பார்த்த பிள்ளை யாராவது இருந்திருக்குமா? இதை நினைத்து இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

முடிந்ததும் நடிகர்கள் வியர்வையோடு அப்படியே மேடை விளிம்பில் வந்து உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். பக்கத்தில் இருந்த ஆசிரியை எங்களுக்கு மெதுவாக மொழிபெயர்த்துச் சொன்னார். முதல் கேள்வி, “நிஜமாகவே அடித்தாரா?” நடிகர்கள் எழுந்து, அடி எப்படிப் படாமல் போகிறது, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று மெதுவாகச் செய்து காட்டினார்கள். இரண்டாவது முறை, மூன்றாவது முறை. மந்திரம் கலைந்துவிடும் என்று பயந்தேன். மாறாக, பிள்ளைகள் இன்னும் நெருங்கி வந்தார்கள். கடைசியாக ஒரு பையன், அந்த அப்பா இனிமேலும் அடிப்பாரா என்று கேட்டான். அப்பாவாக நடித்தவர் உடனே பதில் சொல்லவில்லை. “நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அந்தப் பையன் சொன்ன பதிலை ஆசிரியை எங்களுக்கு மொழிபெயர்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நாள் 7: லிஷ்டன்பெர்க்

நகரின் கிழக்குப் பகுதியில் தியேட்டர் ஆன் டெர் பார்க்கவே. 1950இல், நட்பு அரங்கு என்ற பெயரில் தொடங்கியது. பிள்ளைகளுக்குத் தனி அரங்கு, தனி நடிகர் குழு, அதற்கு அரசாங்கமே சம்பளம் என்ற எண்ணம் சோவியத் நாட்டில் வேரூன்றி இங்கே வந்தது. மாஸ்கோவில் நத்தாலியா சாட்ஸ் பதினைந்து வயதிலேயே அந்த வேலையில் இறங்கியவர். இசையமைப்பாளர் புரோகோஃபீவ் 1936இல் ‘பீட்டரும் ஓநாயும்’ என்ற இசைக்கதையை எழுதியது அவர் கேட்டுக்கொண்டதால்தான். ஒவ்வொரு வாத்தியமும் ஒரு பாத்திரம் என்று பிள்ளைகளுக்குக் காது பழக்க. அடுத்த ஆண்டே அவரைக் கைது செய்து முகாமுக்கு அனுப்பினார்கள். மீண்டு வந்து, மறுபடியும் பிள்ளைகளுக்காகவே வேலை செய்தார்.

மாலைக் காட்சி, பதின்மூன்று வயதுக்கு மேல். வீட்டைவிட்டுப் போன ஒரு பெண்ணின் கதை என்று புரிந்தது. மொழி தெரியாததால் பாதி நழுவியது. நடுவில் ஒரு நீண்ட பேச்சு வந்தது; வலது பக்கத்தில் மூன்று செல்போன்கள் ஒளிர்ந்தன. அவள் பேச்சை நிறுத்திக் கதவைத் திறந்ததும் மூன்றும் அணைந்தன. எனக்கு வெல்க்ரோ பையன் ஞாபகம் வந்தான்.

வெளியே வந்து ஃப்ராங்க்ஃபுர்ட்டர் ஆலே நிலையத்தில் ரயிலுக்கு நின்றோம். அதே நாடகத்தைப் பார்த்த ஐந்தாறு பிள்ளைகளும் அங்கே. ஒரே வாக்குவாதம். ஒருவன் பிளாட்பாரத்தில் கதவைத் திறப்பதுபோல் நடித்துக் காட்ட, ஒருத்தி அவனைத் தள்ளிவிட்டு, அப்படியில்லை, இப்படி என்று தானே திறந்து காட்டினாள். கை நடுங்கத் திறந்தாள். அது சரியாக இருந்தது. அந்த நடிகையும் அப்படித்தான் திறந்தார்.

ரயிலில் நாங்கள் எங்கள் அடுத்த நாடகத்தின் பிரதியை எடுத்துக்கொண்டோம். பதினைந்தாவது நிமிடத்தில் கதாநாயகி ஒன்றரைப் பக்கம் பேசுகிறாள், நான் எழுதிய பேச்சு, எனக்கு ரொம்பப் பிடித்தது. அதைப் பென்சிலால் குறுக்கே அடித்தேன். அங்கே அவள் எதையாவது தேடட்டும். என்ன தேடுவாள் என்று இன்னும் முடிவாகவில்லை. தம்பி அதற்கு ஒரு தாளம் யோசித்துவிட்டான். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், பிள்ளைகள் கத்துவதற்கு இடம்விட்டு. முழங்காலில் வாசித்துக்கொண்டே வருகிறான்.